ஐரோப்பாவின் ஊதிய வரைபடத்தை எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டார ஊதியப் புள்ளிவிவரங்களை முதன்முறை திறந்து பார்ப்பவர்களுக்கு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பொருளியல் மாணவர்கள், செய்தியாளர்கள், வேலைக்காக ஐரோப்பா போக யோசிப்பவர்கள் எனப் பலரும் கேட்பவை இங்கே இருக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வார்சா பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

ஒரே சந்தை என்கிறார்கள். ஊதிய வித்தியாசம் உண்மையில் எவ்வளவு?

பெரிது. 2024இல் ஒரு மணி நேர உழைப்புக்கு முதலாளிக்கு ஆகும் செலவு ஒன்றியச் சராசரியில் 33.5 யூரோ. பல்கேரியாவில் அது 10.6 யூரோ, ருமேனியாவில் 12.5 யூரோ. லக்சம்பர்க்கிலோ 55.2 யூரோ. அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். இது நாடுகளுக்கிடையே உள்ள இடைவெளி மட்டும். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் தலைநகருக்கும் பிற பகுதிகளுக்கும் இன்னொரு இடைவெளி இருக்கிறது. நாட்டுச் சராசரியைப் பார்த்தால் அது கண்ணில் படாது. அதைப் பார்க்கத்தான் வட்டார அலகுகள்.

நட்ஸ் என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

ஒன்றியத்தின் நிலப்பரப்பைப் புள்ளிவிவரத்துக்காகப் பிரித்து வைத்திருக்கும் முறை. ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் இதை 1970களில் உருவாக்கியது. 2003இல்தான் இதற்குச் சட்ட வடிவம் வந்தது. மூன்று படிகள் உண்டு. முதல் படியில் 30 லட்சம் முதல் 70 லட்சம் பேர் வரை, இரண்டாம் படியில் 8 லட்சம் முதல் 30 லட்சம் வரை, மூன்றாம் படியில் ஒன்றரை லட்சம் முதல் 8 லட்சம் வரை என்பது கணக்கு. ஒவ்வொரு அலகுக்கும் ஒரு குறியீடு உண்டு. நாட்டுக்கு இரண்டு எழுத்து, அதற்குப் பிறகு படிக்கு ஓர் இலக்கமோ எழுத்தோ கூடும். குறியீட்டின் நீளத்தைப் பார்த்தாலே எந்தப் படி என்று தெரிந்துவிடும்.

ஆய்வுகளிலும் நிதி ஒதுக்கீட்டிலும் அதிகம் புழங்குவது இரண்டாம் படி.

அப்படியானால் எல்லா அலகும் ஏறத்தாழ ஒரே அளவில்தானே இருக்கும்?

இருக்காது. மேலே சொன்ன வரம்புகள் ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனியாகப் பொருந்துவதில்லை. ஒரு நாட்டில் அந்தப் படியில் உள்ள அலகுகளின் சராசரிக்குத்தான் பொருந்தும். அதனால் பாரிஸை உள்ளடக்கிய ஈல்-து-பிரான்ஸ், 1.2 கோடிப் பேருடன், இரண்டாம் படியில் ஒரே அலகு. பின்லாந்தின் ஓலந்து தீவுகள், சுமார் 30,000 பேருடன், அதே இரண்டாம் படியில் இன்னோர் அலகு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் மூன்று படியிலும் ஒன்றேதான். லக்சம்பர்க்கோ முழு நாடும் மூன்று படியிலும் ஒரே அலகு.

காரணம் எளிது. அந்தந்த நாட்டில் ஏற்கெனவே இருந்த நிர்வாக எல்லைகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வேலைக்குப் போய்வரும் தூரம், தொழிற்சந்தையின் பரப்பு இவற்றைப் பார்த்து வரைந்த கோடுகள் அல்ல. பொருளியல் ஆய்வுக்கு இது பெரிய தலைவலி. ஓலந்தையும் ஈல்-து-பிரான்ஸையும் ஒரே எடையில் போட்டு ஒரு சமன்பாட்டை மதிப்பிட்டுவிட்டு "ஐரோப்பிய வட்டாரங்கள்" என்று பொதுவாகப் பேசுபவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்துடன்தான் படிப்பேன்.

எல்லைக்கோட்டை மாற்றினால் முடிவு மாறுமா?

மாறும். முடிவு மட்டுமல்ல, பணமும் மாறும். இதற்கு வார்சாவைவிட நல்ல உதாரணம் கிடையாது.

போலந்தின் தலைநகர் வார்சா அமைந்திருக்கும் மாநிலம் மசோவியா. நீண்ட காலம் அது முழுவதும் இரண்டாம் படியில் ஒரே அலகாக இருந்தது. வார்சாவில் வங்கிகள், பன்னாட்டு நிறுவனங்களின் அலுவலகங்கள், அரசுத் துறைகள் எல்லாம் குவிந்திருந்ததால் மாநிலத்தின் சராசரி வேகமாக ஏறியது. ஆனால் அதே மாநிலத்தில் ராடோம், ஒஸ்ட்ரோவென்கா, ஷெட்ல்ட்ஸே போன்ற ஊர்களும் இருக்கின்றன. அங்கே பழைய ஆலைகள் மூடிப் போயிருந்தன, வேலையின்மை அதிகம், சம்பளம் குறைவு. வார்சாவின் உயரம் அவர்களையும் காகிதத்தில் பணக்காரர்கள் ஆக்கிவிட்டது.

இதில் என்ன சிக்கல் என்றால், பின்தங்கிய பகுதிகளை உயர்த்த ஒன்றியம் தரும் ஒருங்கிணைவுக் கொள்கை நிதியில் பெரும்பகுதி இரண்டாம் படி அலகைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படுகிறது. வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்த தனிநபர் உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது "குறைவாக வளர்ந்த" வட்டாரம். அதற்கு அதிக உதவி, தொழில் தொடங்குவோருக்கு அரசு தரக்கூடிய மானிய வரம்பும் அதிகம். மேலே போனால் இரண்டும் சுருங்கும். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நட்ஸ் பதிப்பில் மசோவியாவை இரண்டாக வெட்டினார்கள். வார்சாவும் சுற்றியுள்ள ஒன்பது மாவட்டங்களும் ஒரு துண்டு, மீதி ஒரு துண்டு. நிர்வாகத்தில் மாநிலம் அப்படியே இருக்கிறது. ஆளுநரும் மாறவில்லை, மாநில மன்றமும் மாறவில்லை. புள்ளிவிவரத்தில் மட்டும் இரண்டு. 2021–27 நிதிக் காலத்தில் வார்சா "அதிகம் வளர்ந்த" வட்டாரம், மீதி மசோவியா "குறைவாக வளர்ந்த" வட்டாரம்.

அதே பதிப்பில் ஹங்கேரி தன் தலைநகர் புடாபெஸ்ட்டை, அதைச் சுற்றியுள்ள பெஷ்ட் மாவட்டத்திலிருந்து பிரித்தது. லிதுவேனியா தன் தலைநகர் வில்னியஸைத் தனியாக எடுத்தது. மூன்று நாடுகளுக்கும் ஒரே நோக்கம்தான், அதை யாரும் பெரிதாக மறைக்கவும் இல்லை. இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ராடோமில் வேலை தேடும் ஒருவரின் நிலையை வார்சாவோடு சேர்த்துச் சராசரி போட்ட பழைய கோடுதான் அதிகம் ஏமாற்றியது.

தனிநபர் உற்பத்தி அதிகம் என்றால் ஊதியமும் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். உற்பத்தி, வேலை நடக்கும் இடத்தில் கணக்காகிறது. மக்கள்தொகை, வசிக்கும் இடத்தில் கணக்காகிறது. இரண்டும் வேறு வேறு ஊரில் இருந்தால் வகுத்து வரும் எண்ணுக்குப் பொருளே மாறிவிடும். 2016இல் மேற்கு உள் லண்டனின் தனிநபர் உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 611 சதவீதம், பல்கேரியாவின் செவெரோசபாடென் வட்டாரத்தில் 29 சதவீதம். லண்டனின் அந்த எண்ணைப் பார்த்து அங்கே குடியிருப்பவர்கள் ஆறு மடங்கு சம்பாதிக்கிறார்கள் என்று எழுதினால் தப்பு. காலையில் ரயிலேறி வந்து மாலையில் திரும்பிப் போகிறவர்கள் உண்டாக்கும் மதிப்பும் அதில் அடக்கம்.

பிரஸ்ஸல்ஸில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். உற்பத்திக் கணக்கில் ஐரோப்பாவின் செழிப்பான வட்டாரங்களில் ஒன்று. ஆனால் அங்குள்ள வேலைகளில் பாதியை ஒட்டி, பெல்ஜியத்தின் மற்ற இரு வட்டாரங்களான ஃபிளாண்டர்ஸிலிருந்தும் வலோனியாவிலிருந்தும் வருபவர்கள் பார்க்கிறார்கள். நகரத்துக்குள் வசிப்பவர்களின் வரிக்குட்பட்ட சராசரி வருமானம் பெல்ஜியத்தின் மூன்று வட்டாரங்களிலேயே மிகக் குறைவு. வேலையின்மையும் அதிகம். லக்சம்பர்க்கிலும் தினமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார்கள்.

அயர்லாந்து வேறு ரகம். 2015இல் அந்நாட்டின் உற்பத்தி ஒரே ஆண்டில் சுமார் 26 சதவீதம் கூடியதாக அறிவிப்பு வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துரிமைகளை அங்கே மாற்றிப் பதிந்ததுதான் முக்கியக் காரணம். கார்க் நகரத்து ஊழியரின் சம்பளப் பட்டியலில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் அயர்லாந்தின் புள்ளியியல் அலுவலகம் இந்த வீக்கத்தைக் கழித்த வேறொரு வருமான அளவை 2017 முதல் வெளியிடுகிறது.

சரி, வட்டார ஊதியத்தை நேரடியாக எங்கே பார்ப்பது?

இரண்டு வழி. ஒன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஊதிய அமைப்பு ஆய்வு. 2018, 2022 என்று வரும். வயது, பாலினம், கல்வி, தொழில் என்று விவரமாகக் கிடைக்கும். ஆனால் 10 பேருக்குக் குறைவான நிறுவனங்கள் கட்டாயம் இல்லை, வட்டார விவரமும் முதல் படியோடு நின்றுவிடும். இரண்டாவது, வட்டாரக் கணக்குகளில் உள்ள "ஊழியர் ஈட்டுத்தொகை". இது ஆண்டுதோறும் இரண்டாம் படியில் கிடைக்கும். இதை ஊழியர் எண்ணிக்கையால் அல்லது உழைத்த மணி நேரத்தால் வகுத்துக்கொள்ளலாம். மணி நேரத்தால் வகுப்பதே நல்லது. நெதர்லாந்தில் பகுதி நேர வேலை மிக அதிகம். தலைக்கு வகுத்தால் டச்சு ஊதியம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

ஈட்டுத்தொகையில் முதலாளி கட்டும் சமூகக் காப்பீட்டுப் பங்கும் சேர்ந்திருக்கும். ஊழியர் கையில் வாங்கும் தொகை அது அல்ல.

சில இடங்களில் மட்டும் ஊதியம் ஏன் உயரமாக இருக்கிறது?

முதல் விளக்கம் சந்தைக்கு உள்ள நெருக்கம். சுற்றிலும் வாங்குவோர் நிறைய இருக்கும் இடத்தில் நிறுவனத்துக்குப் போக்குவரத்துச் செலவு குறைவு. அந்த மிச்சத்திலிருந்து அதிக ஊதியம் தர முடியும். அருகிலுள்ள சந்தைகளைத் தூரத்தால் வகுத்துக் கூட்டிப் பார்க்கும் எளிய வழியை 1954இல் சான்சி ஹாரிஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் தந்தார். அதை முறையான பொருளியல் கோட்பாட்டோடு 1991இல் இணைத்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ருக்மன். 2008 நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு.

இது வெறும் சமன்பாடா, நிஜமா என்று சோதிக்க வரலாறு ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி பிரிந்தபோது மேற்கு ஜெர்மனியின் கிழக்கு ஓரத்து நகரங்கள் திடீரென்று தங்கள் சந்தையில் ஒரு பக்கத்தை இழந்தன. பொருளியலாளர்கள் ஸ்டீபன் ரெடிங், டேனியல் ஸ்டர்ம் இருவரும் அந்த எல்லையிலிருந்து 75 கிலோமீட்டருக்குள் இருந்த நகரங்களை மற்ற மேற்கு ஜெர்மன் நகரங்களோடு ஒப்பிட்டார்கள். பிரிவினைக் காலத்தில் எல்லையோர நகரங்களின் மக்கள்தொகை வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் முக்கால் சதவீதப் புள்ளி பின்தங்கியிருந்தது. சிறிய நகரங்களுக்கு அடி பலமாக விழுந்தது. அவற்றுக்கு உள்ளூர்ச் சந்தை போதாது, பக்கத்து ஊர்களை நம்பியே பிழைப்பு. அது சந்தை நெருக்கக் கோட்பாடு சொல்வதுதான்.

இரண்டாவது விளக்கம் ஆட்கள். திறமையும் படிப்பும் உள்ளவர்கள் பாரிஸுக்குப் போனால் பாரிஸின் சராசரி ஏறும்; அதற்குப் பாரிஸ் மண் காரணம் ஆகாது. பிரெஞ்சு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், வட்டார ஊதிய வேறுபாட்டில் பெரும் பங்கு இப்படி ஆட்கள் பிரிந்து சேர்வதால்தான் என்று தெரிந்தது. இரண்டு விளக்கமும் உண்மை. எது எவ்வளவு என்பதில்தான் சண்டை.

பொருளாதார ஒருங்கிணைப்பு ஊதியத்தைச் சமமாக்குகிறதா?

நாடுகளுக்கிடையே, மெதுவாக, ஆமாம். நாடுகளுக்குள்ளே, பல இடங்களில், இல்லை. 1993இல் ஒற்றைச் சந்தை, 2004இல் பத்துப் புதிய நாடுகள், 2007இல் ருமேனியாவும் பல்கேரியாவும் என்று வந்த ஒவ்வொரு படியும் கிழக்கை மேற்கை நோக்கி இழுத்தது. ஆனால் மூலதனம் எல்லா ஊருக்கும் சமமாகப் போய் இறங்கவில்லை. தலைநகருக்கும், மேற்கு எல்லையை ஒட்டிய ஊர்களுக்கும், நல்ல நெடுஞ்சாலை உள்ள இடங்களுக்கும்தான் போனது. ஸ்லோவாக்கியாவில் பிராட்டிஸ்லாவா வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்; அதன் தனிநபர் உற்பத்தி ஒன்றியச் சராசரியைவிட வெகு உயரம். கிழக்கு ஸ்லோவாக்கியாவோ சராசரியில் பாதியை ஒட்டி நிற்கிறது. நாட்டின் அகலமே சில நூறு கிலோமீட்டர்தான்.

இன்னொன்று. ஊதியம் தானாக ஏறுவதில்லை. ருமேனியாவில் மியோவென் என்ற ஊரில் உள்ள டாசியா கார் ஆலையை 1999இல் பிரெஞ்சு நிறுவனமான ரெனோ வாங்கியது. 2004இல் வந்த லோகன் காரின் குறைந்த விலைக்கு அந்த ஊரின் குறைந்த கூலியும் ஒரு காரணம். 2008இல் தொழிலாளர்கள் சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்துதான் கணிசமான உயர்வு வாங்கினார்கள். பிராட்டிஸ்லாவா ஃபோக்ஸ்வாகன் ஆலையில் 2017 ஜூனில் ஆறு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆலையின் வரலாற்றில் அதுதான் முதல் முறை. படிப்படியாகச் சுமார் 14 சதவீதம் கிடைத்தது. சந்தை ஒன்றானதும் ஊதியம் நெருங்கும் என்று பாடநூல் சொல்லும்போது இந்த நடுப்பகுதி விட்டுப்போகிறது.

ஆட்கள் வெளியேறினால் மீதியிருப்பவர்களின் சம்பளம் கூடுமா?

கூடலாம். 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்த கிழக்கு நாடுகளின் ஊழியர்களுக்குப் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் உடனே கதவைத் திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை இழுத்தடித்தன. லிதுவேனியாவில் இளைஞர்கள் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போனதில், ஊரில் தங்கிய அதே வயதினரின் ஊதியம் ஏறியதாக ஆய்வு காட்டியது. முதியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. அப்புறம், மருத்துவரும் ஆசிரியரும் போய்விட்ட சிறு நகரத்தில் சராசரி ஊதியம் ஏறி என்ன பயன் என்ற கேள்வியும் இருக்கிறது.

ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டில் வேலை எடுத்தால் எந்த நாட்டுச் சம்பளம்?

பெரிய வழக்கே நடந்த கேள்வி இது. 2004இல் ஸ்வீடனின் வாக்ஸ்ஹோம் நகரில் ஒரு பள்ளிக் கட்டட வேலையை லாவல் என்ற லாட்விய நிறுவனம் எடுத்தது. ஆட்களை லாட்வியாவிலிருந்து கொண்டுவந்தது. ஸ்வீடன் கட்டுமானத் தொழிற்சங்கம் மணிக்கு 145 குரோனர் கேட்டது. உடன்பாடு வராததால் வேலையிடத்தையே முடக்கியது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2007 டிசம்பரில் தீர்ப்பு சங்கத்துக்கு எதிராக வந்தது. சேவை வழங்கும் சுதந்திரத்தை அந்த முடக்கம் மீறுகிறது என்பது காரணம். தொழிற்சங்கங்கள் கொதித்தன. 1996இல் வந்திருந்த அனுப்பப்பட்ட ஊழியர் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். இப்போது குறைந்தபட்ச ஊதியம் மட்டுமல்ல, அந்த நாட்டில் சட்டமும் பொதுவாகப் பொருந்தும் ஒப்பந்தங்களும் கட்டாயமாக்கிய ஊதியத்தின் எல்லாக் கூறுகளையும் தர வேண்டும்.

ஒரு நாட்டுக்குள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு ஊதியம் வைப்பது சரியா?

இத்தாலி இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. போருக்குப் பின் "ஊதியக் கூண்டுகள்" என்ற முறை இருந்தது. 1954இல் நாட்டை 14 மண்டலமாகப் பிரித்து, விலைவாசிக்கு ஏற்ப வேறு வேறு ஊதியம் வைத்தார்கள். 1961இல் மண்டலங்கள் ஏழாயின. தொழிலாளர் போராட்டங்களுக்குப் பின் 1969இல் முறையே ஒழிந்தது. இன்று துறைவாரி தேசிய ஒப்பந்தம். மிலானிலும் சிசிலியிலும் அடிப்படை ஊதியம் ஒன்றே. விளைவு: வாடகை குறைந்த தெற்கில் வேலை கிடைத்தவரின் ஊதியத்துக்கு வாங்கும் சக்தி அதிகம், ஆனால் வேலை கிடைப்பது கடினம். சில பொருளியலாளர்கள் கூண்டுகளை மீண்டும் கொண்டுவரச் சொல்கிறார்கள். தெற்கத்தியரிடம் இதைப் பேசிப் பாருங்கள், அரசியல் ஏன் அசையவில்லை என்று உடனே புரியும்.

கிழக்கு ஜெர்மனியில் கதை வேறு. 1990 ஜூலை 1 அன்று கிழக்கு மார்க்கில் இருந்த சம்பளங்களை ஒன்றுக்கு ஒன்று என்று மேற்கு மார்க்காக மாற்றினார்கள். உற்பத்தித் திறன் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, ஆலைகள் கொத்துக் கொத்தாக மூடின. ஆனாலும் சமத்துவம் முழுதாக வரவில்லை. உலோகத் துறையில் அப்போது மேற்கில் வாரம் 35 மணி நேரம், கிழக்கில் 38. அதைச் சமமாக்க 2003இல் நடந்த வேலைநிறுத்தம் தோற்றது.

யூரோ நாணயம் ஊதியத்தை என்ன செய்தது?

சொந்த நாணயம் இருந்தால் அதன் மதிப்பைக் குறைத்துப் போட்டித் திறனைச் சரிசெய்யலாம். யூரோவில் அது முடியாது. சரிசெய்யும் சுமை ஊதியத்தின் மேல் விழுகிறது. கிரேக்கத்தில் 2012இல் மாதக் குறைந்தபட்ச ஊதியத்தை 751 யூரோவிலிருந்து 586 யூரோவாகக் குறைத்தார்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் 511. இளைஞருக்கான அந்தத் தனி விகிதம் 2019இல்தான் நீங்கியது.

ஒன்றியம் முழுவதற்கும் ஒரே குறைந்தபட்ச ஊதியம் உண்டா?

இல்லை. 27 நாடுகளில் 22இல் சட்டப்படி உண்டு. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி ஐந்திலும் கூட்டு ஒப்பந்தங்களே தீர்மானிக்கின்றன. 2025 ஜனவரியில் பல்கேரியாவில் மாதம் 551 யூரோ, லக்சம்பர்க்கில் 2,638 யூரோ. 2022இல் வந்த ஒன்றியச் சட்டம் ஒரே தொகையை விதிக்கவில்லை. இடைநிலை ஊதியத்தில் (அதாவது, பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் ஊதியத்தில்) 60 சதவீதம் போன்ற ஒப்பீட்டளவுகளைப் பயன்படுத்தச் சொல்கிறது. டென்மார்க் வழக்குப் போட்டது. 2025 நவம்பரில் நீதிமன்றம் சில வரிகளை மட்டும் நீக்கிவிட்டு மீதியை நிலைநிறுத்தியது.

வேலைக்குப் போக நினைக்கிறேன். இந்த அட்டவணைகள் எனக்கு உதவுமா?

ஓரளவுக்கு. வாங்கும் திறனுக்குச் சரிசெய்த எண்கள் நாட்டுச் சராசரி விலையை வைத்துப் போட்டவை. மியூனிக்குக்கும் சாக்சனியின் சிற்றூருக்கும் ஒரே விலைநிலை என்றுதான் அந்தக் கணக்கு கொள்கிறது. அங்கே வாடகை தேடியவருக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆகவே உங்கள் தொழிலுக்கு அந்த வட்டாரத்தில் உள்ள இடைநிலை ஊதியத்தைப் பாருங்கள். சராசரியைச் சில பெரிய சம்பளங்கள் தூக்கிவிடும். அதிலிருந்து வரியும் காப்பீடும் கழித்து, போகப்போகும் ஊரின் வாடகையை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வாடகையைத் தேடும்போது நட்ஸ் குறியீட்டை மறந்துவிட்டு, வேலையிடத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வரும் ஊர்களைத் தேடுங்கள்.